எட்டுச்செலவுக்கு மூன்று சட்டி

அடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தபோதுதான், டென்மார்க்கில் இருக்கும் ஆனந்தராசாவின் தங்கை றம்யா தொலைபேசியில் வந்து, ஆடு பிழை என்றாள்.

அன்று மூத்தவர் கோபாலசிங்கத்தின் எட்டுச்செலவு. செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படைக்கும் நாள். தனிக்கட்டையான கோபாலசிங்கம் நோர்வேயில் ஒரு பண்ணையில் வேலை செய்து, நெஞ்சடைத்துச் செத்துப்போனார். இத்தாலியின் பலெர்மோவில் வீட்டு வேலை செய்யும் தம்பி ஆனந்தராசாவால் கடைசிமுகம் பார்க்கப் போகமுடியவில்லை. வதிவிட அனுமதியான பெர்மெசோ புதுப்பிக்கக் கொடுத்தபடி குவெஸ்தூரா பொலிஸ் அலுவலகத்தில் கிடந்தது. அண்ணனுக்குச் செய்ய மிச்சமிருந்தது இந்தப் படையல் ஒன்றுதான். அதிலும் குறை வந்துவிடுமோ என்று மனிதர் சரியாக நித்திரை கொள்ளவில்லை. அவர்கள் இருக்கும் போர்கோ வெக்கியோவில் இது எல்லோருக்கும் தெரியும். அவர் மனைவி நாகபூசணி சொல்லாமல் விட்டது எதுவுமில்லை.

"பெரியண்ணை என்னண்டு சொன்னவர்?" என்றாள் றம்யா.

"எப்ப கதைச்சாலும் ஒரே கதைதான். 'சௌ எண்டா எனக்கு உசிரடா.' ஆடுதானே?" என்றார் ஆனந்தராசா.

"செம்மறி! நாங்கள் இஞ்சை ஃபோர் எண்டுறம், நோர்வேக்காரர் சௌ எண்டுவினம். நீங்கள் வெள்ளாட்டையெல்லோ காய்ச்சிறியள்!"

"செம்மறியோ?" நாகபூசணி மூக்கைப் பொத்தினாள். "எங்கடை ஆக்களிலை ஆர் அதைத் தின்னுறது?"

"உயிரோடை இருக்கேக்கை நான் ஒண்டும் குடுக்கேல்லை. இப்பவாவது குடுப்பம்," என்று ஆனந்தராசா சந்தைக்கு ஓடினார். நல்ல இளசாகச் செம்மறி இறைச்சி வந்தது. இரண்டாவது சட்டி ஏறியது. பெருமையோடு படம் எடுத்து, சுவீடனில் இருக்கும் மச்சான், நாகபூசணியின் தம்பி றஞ்சித்துக்கு அனுப்பினார்.

"அத்தான், இது குட்டியெல்லே! குட்டியெண்டா லம். சௌ எண்டா வளந்தது. லம் எண்டு அவர் எப்பவாவது சொன்னவரோ?"

"இல்லை."

"பின்னை?"

மறுபடியும் சந்தை. இறைச்சிக் கடைக்காரன் உள்ளே போய், யாரும் கேட்காமல் கிடந்த ஒரு கிழட்டுச் செம்மறியின் தொடையைத் தூக்கிவந்தான். வயதைப் பார்த்தால் செத்தவருக்கே அக்கா முறை.

மூன்றாவது சட்டி கொதிக்கத் தொடங்கி நாற்றம் மாடிவரை ஏறியதும் மேல்மாடிச் சிஞ்ஞோரா யன்னலைத் திறந்து, "யார் செத்தது?" என்று கத்தினாள்.

"இவரின்ரை அண்ணன்," என்றாள் நாகபூசணி.

சிஞ்ஞோரா, சண்டை பிடிக்க வந்த அதே வேகத்தில் கறுப்புச் சால்வையோடு இறங்கிவந்து, மூக்கை மூடியபடி அனுதாபம் தெரிவித்தாள்.

பொழுதுபட, அண்ணனின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரிந்தது. மூன்று சட்டியிலிருந்தும் பரிமாறினார்கள். எது உண்மையான சௌ என்று இனி அண்ணனே தெரிந்தெடுக்கட்டும் என்று ஆனந்தராசாவுக்குப் பட்டது. அந்த நேரம், நோர்வேயில் அண்ணனோடு கூட வேலை செய்த பெனடிக்ற் வீடியோவில் வந்தான்.

ஆனந்தராசா போனை இலைப் பக்கம் திருப்பினார்.

"தம்பி, வடிவாப் பார். அண்ணைக்கு உசிரான சௌ இறைச்சி. செத்தவீட்டுக்கு வரேலாமப் போட்டுது, ஆனா இதிலை ஒரு குறையும் விடேல்லை."

பெனடிக்ற் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்து இலையைப் பார்த்தான்.

"ராசாண்ணை... பண்ணையிலை நிண்ட செம்மறியளை வெட்டுறதுக்கு ஏத்த வந்த லொறிக்கு முன்னாலை நிண்டு, 'என்ரை சௌவிலை கை வையாதை' எண்டு கத்தேக்கைதானே கோபாலண்ணைக்கு நெஞ்சடைச்சது!"