நாலாவது ஆளின் பங்கு

தலைவன் ஆறு மணிக்கு எழுந்தான். பல் துலக்கினான். தண்ணீர் குடித்தான். லேப்டாப்பைத் திறந்து தன் பெயரில் நான்கு வரி புரோகிராம் எழுதிச் சேர்த்தான். பிறகு தன் கணக்கிலிருந்து வெளியே வந்து, குழுவின் நாலாவது ஆளான அவள் பெயரில் உள்ளே போய், நாற்பது வரி சேர்த்தான். குளித்தான்.

மூன்று மாதமாக இதுதான் காலை வேலை.

இறுதியாண்டு புராஜெக்ட்டுக்குக் குழுவில் நான்கு பேர் இருந்தாக வேண்டும். ஒருவர் குறைந்தாலும் குழுவைக் கலைத்துவிடுவார்கள். மறுபடி ஓராண்டு படிக்க வேண்டும். தலைவனுக்கு வேலை கிடைத்திருந்தது. அடுத்த மாதம் சேர வேண்டும். நாலாவது ஆள் மூன்றாவது வாரத்தோடு வருவதை நிறுத்திவிட்டாள். "உன் பங்கு வேலை எங்கே?" என்று மூன்று முறை செய்தி அனுப்பினான். பதில் இல்லை. குழுவின் பாஸ்வேர்டுகள் எல்லாம் அவனிடம் இருந்தன.

வாராந்திரக் கூட்டக் குறிப்பிலும் அவள் பேச வேண்டியிருந்தது.

"அவ என்ன பேசினான்னு எழுத?" என்றான் குழுவில் குறிப்பு எழுதும் நெட்டை.

"ஒப்புக்கிட்டான்னு எழுது."

"வாராவாரம் ஒப்புக்கிட்டா சந்தேகம் வரும்டா," என்றான் குழுவின் மூன்றாமவன் கண்ணாடி.

அதனால் அவளை எதிர்க்க வைத்தார்கள். அவள் எதிர்த்தது சரியாகவும் இருந்தது. பேராசிரியர் ஓரத்தில் சிவப்பு மையில் எழுதினார்: இந்தப் பெண் சொல்வதைக் கேளுங்கள்.

கேட்டார்கள். அவள் பெயரில் வேலை இன்னும் கூடியது. கடைசியில் பங்களிப்புப் பட்டியலில் அவள் முதலிடம், தலைவன் கடைசி.

"நீயெல்லாம் தலைவனாடா?" என்றார் பேராசிரியர். "எல்லாத்தையும் அவ தலையில கட்டிட்டு ஊர் சுத்துறியா? வைவாவுக்கு அவ வரணும். அவகிட்ட கேட்டுட்டுத்தான் உனக்கு மார்க்."

வைவா என்ற வாய்மொழித் தேர்வு அன்று, அவளுக்குக் காய்ச்சல் என்றான் தலைவன்.

"போன் போடு. ஸ்பீக்கர்ல வை."

அவன் எதிர்பார்த்ததுதான். வீட்டில் அவனுடைய அக்கா, கையில் பதில் எழுதிய தாளோடு காத்திருந்தாள்.

"சார், எல்லாம் தலைவர்தான் செஞ்சார். நான் ஒண்ணுமே செய்யல."

"பயப்படாம சொல்லும்மா. அவன் மிரட்டுறானா?"

இந்தக் கேள்வி தாளில் இல்லை. அக்கா கொஞ்சம் யோசித்தாள்.

"சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் சார்."

பேராசிரியர் பேனாவைத் திறந்தார். விடைத்தாள் கட்டோடு வந்த, துறையின் ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ளும் லேப் அம்மா வாசலிலேயே நின்றாள்.

"யாரு சார் போன்ல?"

"இவங்க குழுவோட நாலாவது பொண்ணு."

"அது போய்ச் சேர்ந்து ஒன்றரை மாசம் ஆச்சே சார். ரத்தப் புற்று. நான்தான் ஆஸ்பத்திரிக்குப் போயி பார்த்துட்டு வருவேன்."

"ஐயோ," என்றது போன்.

நெட்டை குறிப்பேட்டை மெல்ல மூடப் பார்த்தான். போன வாரக் கூட்டத்தில் அவள் இரண்டு யோசனை சொல்லியிருந்தாள்.

லேப் அம்மா தன் மேசை டிராயரிலிருந்து ஓர் உறையை எடுத்து வந்தாள். துறைத் தலைவரின் கையெழுத்து இருந்தது. இந்தக் குழு மூன்று பேரோடு தொடரலாம். மூன்றாவது வாரத்துத் தேதி.

தலைவன் அதை இரண்டு முறை படித்தான்.

"இதை ஏம்மா அப்பவே குடுக்கல?"

"அந்தப் பொண்ணே வாங்கிக் குடுத்துட்டு, நீங்க தேடி வந்து கேட்டா மட்டும் குடுக்கச் சொல்லுச்சுப்பா, அதுவரைக்கும் சார்கிட்டகூடச் சொல்ல வேணாம்னுச்சு. கடைசியா நான் போனப்பவும் அந்த ஒண்ணைத்தான் கேட்டுச்சு: 'எனக்கு என்ன ஆச்சுன்னு அவங்க இன்னும் கேக்கலையாம்மா?'"