சேம்பரும் பிடேயில் வளர்ந்த கிழங்கும்

இத்தாலியின் பலெர்மோ நகரில் இருந்த அத்தனை தமிழரின் பொறுமையையும் ஒரே ஆளாகத் தின்று தீர்த்தவர் சேம்பர். இதில் மிகைப்படுத்தல் இல்லை. அவரோடு ஒரே வீட்டில் இரண்டு வருடம் இருந்தவன் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. சீசா என்ற பகுதியில் மூன்றாம் மாடி வீடு ஒன்றில் நாங்கள் நான்கு பேர். நான் ஓர் இத்தாலியக் குடும்பத்தின் வீட்டில் துடைத்துப் பெருக்கினேன். மற்ற இருவர் மாடிப்படி கழுவப் போனார்கள். சேம்பர் மொண்டெல்லோக் கடற்கரையில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். வயது ஐம்பது. சொந்தப் பெயர் எங்களில் ஒருவருக்கும் தெரியாது. சேம்பு என்கிற சேப்பங்கிழங்கைத் தவிர வேறெதையும் பற்றிக் கதைக்காதவருக்கு அந்தப் பெயரே போதுமாக இருந்தது.

நகரின் மறுபக்கம் ஒரேத்தோவில் இருந்த மொரீசியஸ் அக்கா ஒருவர் ஊரிலிருந்து வரும்போது பெட்டிக்குள் கிழங்கு கொண்டுவந்திருந்தார். அதில் ஒன்றைக் கெஞ்சி வாங்கிவந்த சேம்பர், நடுவதற்கு இடம் தேடினார். பால்கனியில் வெயில் கூடவாம். குளியலறையில், மலசலம் கழித்தபின் கழுவுவதற்கென்று இத்தாலியர் வைத்திருக்கும் பிடே என்ற பீங்கான் தொட்டி அவர் கண்ணில் பட்டது. பொந்தை அடைத்து, மண் நிரப்பி, நட்டுவிட்டார்.

"அண்ணை, உங்களுக்கு விசரே?" என்றேன்.

"நீ அதைப் பாவிக்கிறனியோ? இல்லைத்தானே. பிறகென்ன?"

அந்த நாட்களில் குழாயில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். வந்ததும் முதல் வாளி கிழங்குக்கு. சவர்க்கார நுரையோடு நான் நின்று கத்துவேன்.

"பொறு தம்பி. அது குடிக்கட்டும்."

எட்டு மாதத்தில் ஒவ்வொரு இலையும் யானைக்காது போலாகிவிட்டது. குளிக்கப் போகிறவன் இலையை விலக்கிக்கொண்டுதான் உள்ளே போகவேண்டும்.

அப்போதுதான் என் மனைவியை அழைப்பதற்கான அலுவல் வந்தது. வீட்டில் இடம் இருக்கிறது என்று, எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்டிருந்த இத்தாலிய அம்மா, அதாவது சிஞ்ஞோரா, கையெழுத்திட்டுத் தரவேண்டும். அந்தக் கடிதம் இல்லாமல், விசா அலுவல் பார்க்கும் பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் விண்ணப்பத்தைத் தொடவே மாட்டார்கள். கலியாணம் முடித்து மூன்று வருடமாகப் பிரிந்திருந்தோம். சனிக்கிழமை பின்னேரம் வீடு பார்க்க வருகிறேன் என்று சிஞ்ஞோரா சொல்லிவிட்டார்.

"அண்ணை, உதைத் தூக்கி எறியுங்கோ."

"எறியிறதோ? கிண்டிக் கறி வைக்கிறன்."

சனிக்கிழமை மத்தியானம் கிண்டினார். கோழிமுட்டை அளவில் ஒன்பது கிழங்கு. கையில் எண்ணெய் பூசி, தோல் சீவி, துண்டு போட்டு, புளிவிட்டு அடுப்பில் ஏற்றினார். நான் பிடேயை உரஞ்சிக் கழுவி முடிக்கவும் சிஞ்ஞோரா படியேறி வரவும் சரியாக இருந்தது. வாசனை மணந்ததும் அந்த அம்மா நேரே குசினிக்குள் நுழைந்து மூடியைத் திறந்துவிட்டார்.

அவரைச் சந்தோசப்படுத்திவிட வேண்டும் என்ற அவசரத்தில் நான் தட்டை எடுத்தேன்.

"தம்பி, இன்னும் அரைமணித்தியாலம் அவியவேணும். தொண்டை கடிக்கும்!"

"கதையாதையுங்கோ அண்ணை!" என்று நானே அள்ளிப் போட்டுக் கொடுத்தேன்.

சிஞ்ஞோரா இரண்டு துண்டு விழுங்கினார். பிறகு "மதோன்னா!" என்று மாதாவைக் கூப்பிட்டு ஒரு சத்தம். முகம் சிவந்து, கண்ணீர் வழிய, தொண்டையைப் பிடித்துக்கொண்டு கதிரையில் விழுந்தார். என் மனைவி யாழ்ப்பாணத்திலேயே கிழவியாகப் போகிறாள் என்று நான் முடிவு செய்துவிட்டேன்.

சேம்பர் பதறவில்லை. இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து உப்புப் போட்டுக் குடிக்கக் கொடுத்தார். கடி கொஞ்சம் அடங்கியதும் அந்த அம்மாவின் முன்னால் நிலத்தில் குந்திக்கொண்டு, தனக்குத் தெரிந்த அரைகுறை இத்தாலிய மொழியில், "பிழை என்னுடையது, சிஞ்ஞோரா. எனக்குக் கிழங்கு அவிக்கத் தெரியாது" என்றார்.

கிழங்கு சரியாக அவியவில்லை என்று யாராவது சொன்னால் இரண்டு நாள் முகம் கொடுத்துக் கதைக்காத மனுசன் அவர். தட்டை நீட்டிய நான் குனிந்து எலுமிச்சந்தோலைப் பொறுக்கினேன்.

சிஞ்ஞோரா எழுந்து போய்க் கட்டில்களை எண்ணினார். "நான்கு ஆண்பிள்ளைகள். இதற்குள் ஒரு பெண்ணா?"

"நாங்கள் மூன்று பேரும் ஒரேத்தோவுக்குப் போகிறோம்" என்றார் சேம்பர். மற்ற இருவரும் திடுக்கிட்டு நிமிர்ந்தார்கள். தாங்கள் வீடு மாறுவது அவர்களுக்கும் அப்போதுதான் தெரியும்.

அதற்குள் அடுப்பில் கிழங்கு நன்றாக அவிந்திருந்தது. சேம்பர் ஒரு துண்டைத் தான் முதலில் தின்று காட்டிவிட்டுத் தட்டை நீட்டினார். சிஞ்ஞோரா சிலுவைக்குறி போட்டுக்கொண்டு வாயில் வைத்தார். மென்றார். தொட்டுத் தின்னப் பாண் கேட்டார். தட்டை வழித்துத் துடைத்துத் தின்றுவிட்டுப் பேனையை எடுத்தார்.

சேம்பர் சொன்னபடியே மற்ற இருவரையும் கூட்டிக்கொண்டு போனார். ஆறு மாதத்தில் மனைவி வந்து சேர்ந்தாள். அடுத்த ஞாயிறு காலை சேம்பர் வந்தார். வணக்கம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை. நேரே குசினிக்குள் போய், "வெங்காயத்தை உப்பிடியே வெட்டுறது, பிள்ளை? நெருப்பைக் குறை. இஞ்சை விடு, நான் செய்யிறன்" என்று அவள் கையிலிருந்த கத்தியைப் பறித்துக்கொண்டார். எனக்குப் பழைய எரிச்சல் முழுவதும் திரும்பி வந்தது.

மனைவி வெளியே வந்து என் காதருகில் கேட்டாள்: "ஆர் இந்த மனுசன்? உங்கடை சொந்தக்காரரே?"

யோசிக்காமலே "ஓம்" என்றேன்.