வெள்ளைக் காளையின் தோல்

தெருமுனையில் தமுக்குச் சத்தம் கேட்டதும் முனிரத்தினம் குடித்துக்கொண்டிருந்த கூழை அப்படியே வைத்துவிட்டு ஓடினான்.

"பாலாத்து வெள்ளத்துல மாடு செத்தவங்களுக்கு சர்க்கார் ஒத்தாசை. வெள்ளிக்கெழமை ரெவின்யூ இன்ஸ்பெக்டர் வந்து, வீடு வீடா தோல் கீதான்னு பார்ப்பாரு."

முதல் பாதி தேனாக இனித்தது. ஏர்மாடு இரண்டில் வெள்ளைக் காளையை வெள்ளம் கொண்டுபோயிருந்தது. வயலில் ஈரம் காய்வதற்குள் இன்னொரு காளை வாங்கி உழாவிட்டால் இந்த வருஷம் விளைச்சல் கிடையாது. இரண்டாம் பாதிதான் இடித்தது. ஆற்றோடு போன மாட்டுக்குத் தோல் ஏது?

"ஆத்தோட போய்ட்டுதுன்னு உள்ளதைச் சொல்லேன்" என்றாள் மனைவி ராஜம்மாள்.

"வாயால சொன்னா சர்க்கார் நம்புமா? நீ சும்மா இரு."

ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருந்த மக்பூல் அகமதிடம் போனான்.

"பதம் போடாத பச்சைத் தோல் ஒண்ணு இரவல் குடுங்க பாய். இன்ஸ்பெக்டர் போனதும் கொண்டாந்துடறேன்."

"எங்க அப்பா காலத்துலேருந்து இந்த மண்டி கீது. தோலை இரவல் கேட்டு வந்த மொத ஆளு நீதாம்பா" என்ற பாய், ஒன்றை உருவிப் போட்டார். கறுப்புத் தோல்.

"வெள்ளை இல்லீங்களா?"

"இது இன்னா ஜவுளிக்கடையா?"

வீட்டுக்கு வந்து யோசித்தான். கறுப்பை வெள்ளையாக்க வேண்டும், அவ்வளவுதானே? சுவருக்கு அடிக்க வைத்திருந்த சுண்ணாம்பைக் குழைத்துத் தோல் முழுக்கப் பூசிச் சுருட்டி வைத்தான்.

தோலில் மயிர் கழற்றச் சுண்ணாம்பு போடுவார்கள் என்பது ஆம்பூர்ப் பக்கம் பால்குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். காளையின் நிறத்தையே நினைத்துக்கொண்டிருந்த முனிரத்தினத்துக்கு அது வெள்ளிக்கிழமை காலையில்தான் நினைவு வந்தது. தோலை விரித்துத் தடவினால், மயிர் கொத்தாகக் கையோடு வந்தது.

"பாதி வெள்ளை, பாதி மொட்டையா கீதே" என்றாள் ராஜம்மாள்.

"முழு மொட்டையா இருந்தா நிறம் எவனுக்குத் தெரியும்?" என்று மீதியையும் வழித்தெடுத்தான்.

இன்ஸ்பெக்டர் மூக்கைத் துணியால் பொத்திக்கொண்டு பார்த்தார்.

"மயிர் எங்கே?"

"வெள்ளத்துல பாறையில உருண்டு தேஞ்சுபோச்சுங்க எஜமான்."

"உன் மாடு ஆத்தோட போய்ட்டுதுன்னு பக்கத்து வீட்டிலே சொன்னாங்களே?"

"போச்சுங்க. அப்பால கரையில ஒதுங்கிச்சு. ஆள் வெச்சு உரிச்சேன்."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. இது உன் மாட்டுத் தோல்தானா?"

விட்டால் காரியம் கெட்டுவிடும் என்று முனிரத்தினம் கற்பூரம் கொளுத்தி அடித்துச் சத்தியம் செய்தான். ராஜம்மாளையும் அழச்சொல்லி ஜாடை காட்டினான். அவள் போன காளையை நினைத்து நிஜமாகவே அழுதாள். இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டு, ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

ஜெயித்துவிட்ட முனிரத்தினம், பின்னால் போன டவாலிச் சேவகன் சாமுவேலின் கையைப் பிடித்தான்.

"பணம் எப்பண்ணே குடுப்பாங்க?"

சாமுவேல் மொட்டைத் தோலையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தான்.

"உனக்கு ஏதுப்பா பணம்? தோல் கெடைச்சவன் அதை வித்துப் பொழைச்சுக்கட்டும், ஆத்தோட போனதுக்கு மட்டுந்தான் ஒத்தாசைன்னு உத்தரவு."