நாற்பதாவது கடிதம்

கோப்பு திறந்துவிட்டது. மூடத்தான் முடியவில்லை.

திரையின் நடுவே ஒரு கட்டம் வந்து நின்று, 'இந்த மாணவரின் கோப்பைத் திறந்ததற்கான காரணம் என்ன?' என்று கேட்டது. பதில் எழுதாமல் அது நகராது. அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மூன்று கூட்டங்களில் மேஜையைத் தட்டிப் பேசியவர், இப்போது அதன் எதிரே வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆவணப் பிரிவு அதிகாரி அவர். பூட்டு சார் என்றால்தான் எல்லோருக்கும் தெரியும். ஒரு மாணவரின் சம்மதக் கையெழுத்து இல்லாமல் அவருடைய மதிப்பெண்ணைத் துணைவேந்தரே கேட்டாலும் சொல்ல மாட்டார். பெற்றோர் ஜன்னலருகே வந்து கெஞ்சினால், "உங்க பிள்ளைகிட்டயே கேளுங்க. ஒரே வீட்டுலதானே இருக்கீங்க" என்று அனுப்பிவிடுவார்.

இப்போது திறந்து கிடந்தது அவருடைய ஒரே மகளின் கோப்பு.

மகள் அங்கே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். சேரும் அன்றே ஒரு நிபந்தனை போட்டிருந்தாள். "என் ஃபைலை நீங்க திறக்கவே கூடாதுப்பா. ஒரே ஒரு தடவை திறந்தாலும் நான் ஹாஸ்டலுக்குப் போயிடுவேன்." அவர் சிரித்துக்கொண்டே கையடித்துக் கொடுத்தார். ஒன்றரை வருஷம் காப்பாற்றியும் விட்டார்.

கெடுத்தது மத்தியானம் வந்த மனைவியின் தொலைபேசி அழைப்பு.

"ஏங்க, பத்து நாளா அவ ஏழு மணிக்குத்தான் வீட்டுக்கு வர்றா. வகுப்பு நாலு மணிக்கு முடியுதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"அவகிட்டயே கேளேன்."

"நான் கேட்டா சண்டைக்கு வர்றா. நீங்க கேளுங்க."

"நான் கேட்டா அழுவா."

"அப்போ கேக்காம பாருங்க. ஊர்ப் பிள்ளைங்க கதை பூராவும் உங்க கைக்குள்ள இருக்கு. சொந்தப் பொண்ணு கதை மட்டும் தெரியாது. நல்லா இருக்கு உங்க உத்தியோகம்."

கேட்காமல் பார்த்தார். மேலே மகளின் பெயரும் எண்ணும். கீழே வருகைப் பதிவு: ஐம்பத்து நான்கு சதவீதம். இரண்டு தாள்களில் தேர்ச்சி இல்லை. அதற்கும் கீழே ஒரு குறிப்பு: 'செய்முறைக் கூடத்தில் உறங்கியதற்காக எச்சரிக்கப்பட்டார். எச்சரிக்கைக் கடிதத்தில் பெற்றோர் கையெழுத்து பெறப்பட்டது.'

எந்தப் பெற்றோர் என்று அவருக்கு விளங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டார்.

"சமீபத்துல எதிலயாவது கையெழுத்து போட்டியா?"

"தண்ணி மீட்டர் பாக்க வந்தவருக்குப் போட்டேன். ஏன்?"

"ஒண்ணுமில்ல."

அப்படியானால் கையெழுத்தும் கள்ளம். வருகைப் பதிவைவிட அதுதான் அவருக்கு நெஞ்சை அடைத்தது.

திரையில் அந்தக் கட்டம் இன்னும் காத்திருந்தது. 'வழக்கமான சரிபார்ப்பு' என்று எழுதினார். உடனே அடுத்த கேள்வி வந்தது. 'சரிபார்ப்பு எனில், குறைந்தது நாற்பது கோப்புகள் பார்க்கப்பட வேண்டும். மீதி முப்பத்தொன்பது?' ஒரு கோப்பை மட்டும் யாரும் குறிவைத்துப் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக வந்த விதி. கொண்டுவந்தவரும் அவர்தான்.

வேறு வழியில்லை. கண்ணில் பட்ட எண்களையெல்லாம் தட்டி முப்பத்தொன்பது கோப்புகளைத் திறந்து மூடினார். அத்தனை நேரமும் இடது கையால் திரையை மறைத்துக்கொண்டிருந்தார். மற்ற பிள்ளைகளின் அந்தரங்கம் அவருக்கு முக்கியம்.

அன்று சாயங்காலம் மகள் ஏழு மணிக்கு வந்தாள். சாப்பாட்டு மேஜையில் அவர் பொதுவாகப் பேசுவதுபோல் ஆரம்பித்தார்.

"நான் இங்க படிச்ச காலத்துல ஒரு நாள் வகுப்பு தவறினதில்ல."

"தெரியும்பா. நூறு தடவை சொல்லியிருக்கீங்க."

"சில பிள்ளைங்க இருக்கு. பாதி நாள் வர்றதில்ல. வந்தாலும் தூங்குது. எங்க வம்சத்துல அப்படி ஒரு ஆள் கிடையாது."

"உங்க வம்சத்துல மத்தவங்க யாரும் காலேஜுக்கே போனதில்லையே" என்றாள் மனைவி. மகள் சிரித்துவிட்டு எழுந்து போனாள். என்ன நெஞ்சழுத்தம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் காலையில் அவருடைய கணக்குக்குள் நுழைய முடியவில்லை. கணினிப் பிரிவில் ஒரு பெண் இருந்தாள். ஆவணப் பிரிவின் மென்பொருள் முழுக்க அவள் எழுதியது. அவளே நேரில் வந்து நின்றாள்.

"சார், நேத்து யாரோ உங்க பேர்ல உள்ள வந்து பதினோரு நிமிஷத்துல நாப்பது ஃபைலைத் திறந்திருக்காங்க. திருட்டுன்னு நினைச்சு சிஸ்டம் பூட்டிடுச்சு."

"திருட்டு இல்லம்மா. நான்தான். சரிபார்ப்பு."

"பதினோரு நிமிஷத்துலயா?"

"பழக்கம்."

"சரி சார். ஆனா திறந்துவிடணும்னா தனியுரிமைக் குழுத் தலைவர் உங்ககிட்ட விளக்கம் கேட்டு எழுதணும். நீங்க பதில் தரணும்."

"தலைவர் நான்தானே."

"ஆமாம் சார். அதனால சீக்கிரம் முடிஞ்சிடும்."

அவர் உட்கார்ந்து தனக்குத்தானே ஒரு கடிதம் எழுதினார். 'தங்கள் செயல் விதிகளுக்கு உட்பட்டதுதானா என்பதை இன்று மாலைக்குள் தெளிவுபடுத்தவும்.' அந்த நடையின் கடுமை வாசித்தபோது அவருக்கே கொஞ்சம் வலித்தது. பணிவாகப் பதில் எழுதினார். பிறகு தலைவராக மாறி, 'விளக்கம் ஏற்கப்படுகிறது, இனிமேல் நிதானம் தேவை' என்று குறிப்பெழுதிக் கையெழுத்திட்டார்.

கணக்கு திறந்தது. கூடவே வேறொன்றும் நடந்தது. விளக்கம் ஏற்கப்பட்டால், கோப்பு பார்க்கப்பட்ட ஒவ்வொரு மாணவருக்கும் 'உங்கள் கோப்பை இன்னார், இந்த நாளில், இந்தக் காரணத்துக்காகப் பார்த்தார்' என்று கடிதம் போக வேண்டும். அது யாரும் சொல்லாமலே அச்சாகிவிடும்.

அவர் தபால் பிரிவுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார். அங்கே எழுத்தர் ஒருவர் பணி ஓய்வுக்கு நாலு மாதம் இருக்கும் நிதானத்தோடு உறைகளுக்குப் பசை தடவிக்கொண்டிருந்தார்.

"அந்தச் சரிபார்ப்புக் கடிதங்களைக் கொடுங்க. ஒரு தடவை பாத்துட்டுத் தர்றேன்."

"நானே உங்களைத் தேடி வரலாம்னு இருந்தேன் சார். நாப்பதுன்னு எழுதியிருக்கு. கட்டுல முப்பத்தொன்பதுதான் இருக்கு."

அவர் எண்ணினார். பெயர் பெயராகத் தள்ளிப் பார்த்தார். மறுபடி எண்ணினார். இல்லாமல் போனது மகளுடைய கடிதம் மட்டும்தான்.

"இன்னொண்ணு எங்க?"

"முன்னாடியே போயிருக்கும் சார்."

"எப்படிப் போகும்?"

"தபால்னா போகத்தானே சார் செய்யும்."

கடிதம் மகள் கைக்குப் போய்விட்டது. சாயங்காலம் வந்ததும் கேட்கப்போகிறாள். அவள் கேட்பதற்கு முன்னால் தானே சொல்லிவிடுவதுதான் மரியாதை என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டே வீட்டுக்கு வந்தார்.

மகள் ஏழு மணிக்கு வந்து செருப்பைக் கழற்றினாள்.

"கடிதம் கிடைச்சுதா?"

"என்ன கடிதம்?"

"நடிக்காத பாப்பா. நான் உன் ஃபைலைத் திறந்தேன். தப்புதான். ஒத்துக்கறேன். ஆனா நீ செஞ்சது அதைவிடப் பெரிய தப்பு."

ஆரம்பத்தில் மன்னிப்புத்தான் கேட்க நினைத்திருந்தார். எப்படியோ பேச்சு ஐம்பத்து நான்கு சதவீதத்துக்கு வந்து, இரண்டு தாள்களைத் தாண்டி, செய்முறைக் கூடத்துத் தூக்கத்துக்குள் போய், கள்ளக் கையெழுத்தில் நின்றது. "பெத்தவங்க கையெழுத்தையே போடற பொண்ணு நாளைக்கு எதைத்தான் செய்ய மாட்டா? அந்த ஃபைலைப் பாத்தா, உருப்படற பிள்ளையோட ஃபைல் மாதிரியா இருக்கு?"

மகள் ஒரு கையில் பையோடு அப்படியே நின்றாள்.

"எனக்குத் தொண்ணூத்தாறு பர்சென்ட் இருக்கு. ஆறரை மணி வரைக்கும் லேப் போட்டிருக்காங்க. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"ஃபைல் பொய் சொல்லாது."

"நான் சொல்வேனாப்பா?"

மகள் உள்ளே போனாள். அலமாரி திறக்கும் சத்தமும், பெட்டியின் ஜிப்பை முழு நீளத்துக்கு இழுக்கும் சத்தமும் கேட்டன.

"பாருங்கன்னுதான் சொன்னேன். பாத்ததைச் சொல்லுங்கன்னு சொன்னேனா?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை பத்து மணிக்கு ஆவணப் பிரிவின் ஜன்னலருகே மகள் வந்து நின்றாள். கையில் இரண்டு படிவங்கள். ஒன்று, தன் கோப்பை யார் யார் பார்த்தார்கள் என்று அறிந்துகொள்ள மாணவர் தரும் விண்ணப்பம். மற்றது, விடுதிச் சேர்க்கை.

அவர் முதல் படிவத்தை வாங்கிக்கொண்டார்.

"விண்ணப்பதாரர் பேர்?"

"உங்களுக்குத் தெரியாதா சார்?"

வீட்டில் அப்பா, இங்கே சார்.

"தெரிஞ்சிருக்கக் கூடாதும்மா. விதி."

அவள் பெயரைச் சொன்னாள். இரண்டாவது படிவத்தையும் கண்ணாடிக்கு அடியில் தள்ளினாள். "இதுல பெற்றோர் கையெழுத்து வேணும். நானே போட்டுக்குவேன்னு நினைப்பீங்க. அதான் கேட்டு வாங்கிக்கலாம்னு வந்தேன்."

அவர் பேனாவைத் திறக்கவில்லை. கணினிப் பிரிவுப் பெண்ணைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வந்து உட்கார்ந்து எதையோ தட்டினாள். திரையை ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"இந்த ஃபைலை இதுவரைக்கும் யாருமே பாக்கலைம்மா."

"இல்ல, நான் பாத்தேன்" என்றார் அவர். தன் குற்றத்தை நிரூபிக்க இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கும் என்று அவர் நினைத்ததில்லை. "செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூணு மணி. நாப்பதுல முதல் ஃபைல்."

"திறக்கப் பாத்தீங்க சார். திறக்கலை. இங்க வேலை பாக்கறவங்க சொந்தக்காரங்க ஃபைலைத் தட்டினா நிஜ ஃபைல் வராது. மேல பேரும் நம்பரும் மட்டும் அவங்களோடது. கீழ ஒரு சாம்பிள் ஃபைலைக் காட்டும். அதனாலதான் இவங்களுக்குக் கடிதமும் போகலை."

"இதுக்கு யார் அனுமதி கொடுத்தா?"

"நீங்கதான் சார். போன வருஷம். விதிமுறைக் கட்டுல முப்பத்தெட்டாம் பக்கம்."

அந்தக் கட்டு அவருக்கு ஞாபகம் வந்தது. செங்கல் கனம் இருந்தது. அத்தனை பக்கத்துக்கும் அவர் கையெழுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது. படித்தது ஞாபகம் இல்லை.

மகள் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "என் வருகைப் பதிவு?"

"தொண்ணூத்தாறு" என்றாள் அந்தப் பெண்.

அவருக்கு உயிர் வந்தது. "பாப்பா" என்றார், விதியை மறந்து. "நான் உன் ஃபைலைப் பாக்கவே இல்லை. கேட்டுக்கிட்டேல்ல? வாக்கு தப்பலை."

"தப்பணும்னுதானே தட்டினீங்க." ஆனாலும் அவள் குரலில் நேற்றைய இறுக்கம் இல்லை. "அந்தச் சாம்பிள் ஃபைல் யாரோடது? சும்மா கற்பனையா எழுதினதா?"

"கற்பனையா எழுதினா கண்டுபிடிச்சிடுவாங்க. நிஜமா இங்க படிச்ச ஒருத்தரோட பழைய ஃபைல்தான். தேதியை மட்டும் மாத்தினோம்."

மகள் விடுதிப் படிவத்தை மீண்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அது யாருன்னு எனக்குத் தெரியணும். யாரோ தூங்கினதுக்கும் யாரோ கள்ளக் கையெழுத்து போட்டதுக்கும் நான் நேத்து வீட்டுல திட்டு வாங்கியிருக்கேன். அந்த ஆள் யாருன்னு சொல்லுங்க, இதை இங்கேயே கிழிச்சுப் போட்டுட்டுச் சாயங்காலம் வீட்டுக்கு வந்துடறேன்."

"சொல்லிடும்மா" என்றார் அவர் அவசரமாக. "அந்த உருப்படாத பிள்ளை யாருன்னு எனக்கும் தெரிஞ்சாகணும்."

கணினிப் பிரிவுப் பெண் தயங்கினாள். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு சம்மதப் படிவத்தை எடுத்து, மகளிடம் கொடுக்காமல், அவர் முன்னால் வைத்தாள்.

"சம்பந்தப்பட்ட மாணவர் கையெழுத்து போட்டாத்தான் பேரைச் சொல்ல முடியும். போடறீங்களா சார்?"