சடைச் சிங்கத்தின் கழற்றி மாட்டும் கூந்தல்

போர்த்தாலெஸ், மெக்சிகோ நகரம்
வெள்ளிக்கிழமை

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய ஆம்பாரோ பெரியம்மா அவர்களுக்கு,

தங்கள் தங்கை மகள் சித்லாலி வணங்கி எழுதுவது. வேராக்ரூஸில் தாங்களும், தங்கள் அழகு நிலையமும், கடற்காற்றில் வலிக்கும் தங்கள் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். இங்கே நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதத்தான் பேனாவைத் திறந்தேன். ஆனால் பொய் எழுதுவதில்லை என்பது என் கொள்கை. அந்தக் கொள்கையால் வந்த வினையைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. அம்மா சுகம். பூனை சுகம். எவரிஸ்தோ மாமா என்னோடு பேசுவதில்லை.

பழைய திரை நட்சத்திரங்களைப் பொம்மையாகச் செய்து விற்கும் நாபோர் என்ற இளைஞர் மாமாவையும் பொம்மையாகச் செய்யப்போகிறார் என்று போன மாதம் அம்மா தொலைபேசியில் தங்களிடம் அழுதுகொண்டே சொன்னாள் அல்லவா? அது ஆனந்தக் கண்ணீர். இப்போது அழுவது வேறு. பொம்மை வந்துவிட்டது. ஒரு சாண் உயரம். முட்டி மடங்குகிறது, முழங்கை மடங்குகிறது, மேலங்கி சிவப்புப் பட்டு. பெட்டியின் பின்புறத்தில் இப்படி அச்சிட்டிருக்கிறார்கள்: "சடைச் சிங்கம்! கறுப்பு வெள்ளைப் படங்களின் மல்யுத்த வில்லன்! பதினோரு படங்களில் முகமூடி வீரர் பச்சை எரிமலையிடம் தோற்றவர். ஆனால் நிஜ மேடையில் தன் கூந்தலை ஒருநாளும் பந்தயத்தில் இழக்காதவர்!" இதில் ஒரு எழுத்துகூடத் தவறில்லை. முகமூடிக்கும் கூந்தலுக்கும் பந்தயம் என்றால், முகமூடிக்காரர் தோற்றால் எல்லோர் முன்னாலும் முகத்தைக் காட்ட வேண்டும், கூந்தல்காரர் தோற்றால் மேடையிலேயே மொட்டை, வெட்டிய முடி ஜெயித்தவருக்குச் சொந்தம். மாமாவை யாராலும் மொட்டையடிக்க முடியவில்லை. மேடையில் யாராலும் எடுக்க முடியாத அந்த முடி பிற்பாடு சீப்போடு சீப்பாகத் தானே போய்விட்டது என்பதும், இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பிஸ்கட் டப்பாவில் தாங்கள் அனுப்பிவைப்பது பிஸ்கட் அல்ல என்பதும் தாங்கள், அம்மா, நான் ஆகிய மூவர் மட்டுமே அறிந்த இரகசியம். டோப்பா என்ற சொல்லைக்கூட இந்த வீட்டில் சொல்ல மாட்டோம். 'அது' என்போம்.

இனி என் பங்கு. அளவெடுக்க நாபோர் வந்த அன்று மாமா உள்ளே 'அதை' வாரிக்கொண்டிருந்தார். ஒரு மணி நேரமாக வாரினார். விருந்தினரைச் சும்மா உட்காரவைக்கக் கூடாது என்று நான் செம்பருத்தித் தண்ணீர் கொடுத்துவிட்டு, சிற்பக் கலையைப் பற்றிப் பள்ளி நூலகத்தில் படித்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரும் பாவம், கேட்டுக்கொண்டிருந்தார். நடுவில் பெருமூச்சு விட்டு, "எல்லாம் சரி பாப்பா, உங்க மாமா முடிதான் எனக்குத் தலைவலி. கனம் ஜாஸ்தி. பொம்மை பின்னாடி சாஞ்சு மல்லாக்க விழுந்துடும்" என்றார்.

"தனியாச் செஞ்சு மாட்டலாமே? நிஜத்துலயும் தனிதானே?" என்றேன்.

அவர் தம்ளரை மெதுவாகக் கீழே வைத்தார். "என்ன சொன்னே?"

அங்கேயே நிறுத்தியிருக்கலாம். கேட்காத கேள்விக்கும் பதில் எழுதுவது என் பரீட்சைப் பழக்கம். "செவ்வாய்க்கிழமை ஷாம்பு போட்டு மாடியில தண்ணித்தொட்டி பக்கத்துல காயவைப்பார். உள்ள ஒரு மச்சம்கூட உண்டு, இடது பக்கம், கறுப்பு பீன்ஸ் கொட்டை மாதிரி" என்றேன். அவர் குறித்துக்கொண்டார். ஒரு கலைஞருக்கு உதவினோம் என்று அன்று நன்றாகத் தூங்கினேன்.

புதன்கிழமை பெட்டி வந்தது. மாமா கீழ்வீட்டு நாவிதர் தோன் இலாரியோவையும் கூப்பிட்டு உட்காரவைத்து, மேசையில் துணி விரித்துத் திறந்தார். புருவத்துத் தழும்புவரை அச்சு அசல். மாமா பொம்மையைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். அவர் கண் அப்படி மின்னி நான் பார்த்ததே இல்லை. "இவனைப் பார்த்தா எனக்கே பயமா இருக்கு" என்றார். அம்மா ஆசையாக, "முடியைப் பாரேன் அண்ணா, பட்டு மாதிரி" என்று ஒரு விரலால் தடவினாள். டொக் என்று ஒரு சத்தம். கூந்தல் தக்காளிச் சல்சா கிண்ணத்தில் போய் விழுந்தது. கீழே பளபளவென்று ஒரு மண்டை. இடது பக்கம் மச்சம்.

தோன் இலாரியோ உடனே தலையை நிமிர்த்தி விளக்கைப் பார்த்தார். "விளக்குல ஒரே தூசி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கிப் போய்விட்டார்.

பெட்டியின் முன்பக்கத்தைத் திருப்பினோம். "கூந்தல் கழற்றி மாட்டலாம்! பந்தயச் சண்டையை நீங்களே நடத்துங்கள்!" என்று மஞ்சள் எழுத்தில் இருந்தது. மாமா அதை விட்டுவிட்டு மச்சத்தையே பார்த்தார். "இந்த மச்சம் மூணு பேருக்குத்தான் தெரியும். அக்கா வேராக்ரூஸ்ல இருக்கா. தங்கச்சி தூக்கத்துலகூட உளற மாட்டா. மிச்சம் யாரு?" என்றார். மிச்சமிருந்தவள் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டிருந்தாள். பிழிந்த பழத்தையே மறுபடியும் பிழிந்தாள்.

"பதினோரு தடவை எரிமலை என்னைக் கிணத்துல தள்ளினான், குதிரை மேலேர்ந்து தள்ளினான். ஒத்தை முடியை எடுத்தானா? இந்தப் புரொபசரம்மா ஒரு தம்ளர் செம்பருத்தித் தண்ணிக்கு மொத்தத்தையும் குடுத்துட்டா. அதுவும் நம்ம வீட்டுத் தண்ணி!" என்று எழுந்து உள்ளே போனவர்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை பொம்மைச் சந்தையில் அவருக்கு ஒரு மேசையும் நாற்காலியும் பெயர்ப்பலகையும் போட்டிருக்கிறார்கள், வாங்குகிறவர்களுக்குக் கையெழுத்துப் போட வேண்டும். போக மாட்டேன் என்கிறார். சாப்பாட்டு மேசையில் நான் எதிரே உட்கார்ந்திருந்தாலும், "அந்த எழுத்தாளரம்மாகிட்ட உப்பை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லு" என்று அம்மாவிடம்தான் சொல்கிறார். அம்மா என்னிடம் சொல்வாள். நான் தள்ளுவேன். "வந்துடுச்சுன்னு சொல்லு" என்பார்.

நான் சும்மா இருக்கவில்லை பெரியம்மா. சும்மா இருந்திருந்தால் நல்லது. முதலில் செருப்புத் தைக்கும் பசை வாங்கி, பொம்மையின் கூந்தலை நிரந்தரமாக ஒட்டினேன். முன்பின்னாக ஒட்டிவிட்டேன். இப்போது சடைச் சிங்கத்துக்கு முகமே இல்லை, இரண்டு பக்கமும் பிடரிதான். அதோடு என் கட்டைவிரலும் ஒட்டிக்கொண்டது. பூகோள வகுப்பு முழுவதும் மாமாவைக் கையில் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தேன். அடுத்ததாக நாபோரின் பட்டறைக்குப் போய், எல்லாப் பொம்மைகளுக்கும் கூந்தலை ஒட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் என் விரலைப் பார்த்து, "நீயா ஒட்டப்போறே?" என்றார். பிறகு, "பாப்பா, ரும்பா ஆடுற அம்மா பொம்மை விக்காம அலமாரியில தூங்குது, பாட்டுப் பாடுற குதிரைக்காரரும் தூங்குறார். பச்சை எரிமலைகூட போகலை, அவர் முகமூடி கழலாதாம். உங்க மாமாதான் பறக்குறார். கழலுதுன்னுதான் ஜனங்க கேக்குறாங்க" என்றார். இதை மாமாவிடம் சொல்ல எனக்குத் தைரியமில்லை. அவர் புகழ்பெற்றிருக்கிறார், ஆனால் எதை மறைத்தாரோ அதற்காக.

கடைசியாக மன்னிப்பு உரை ஒன்று தயாரித்தேன். முன்னுரை, பொருளுரை, முடிவுரை எல்லாம் உண்டு. நேற்று குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் கதவுக்கு வெளியே நின்று முழுவதும் படித்தேன். 'உங்கள் வழுக்கை என் கண்ணுக்கு ஒருநாளும் குறையாகத் தெரிந்ததில்லை' என்ற வரியை இரண்டு முறை படித்தேன். கதவு திறந்தது. தலையில் துண்டோடு தோன் இலாரியோ நின்றார். அவர் வீட்டில் தண்ணீர் வராததால் இங்கே குளிக்க வந்திருக்கிறார்.

"நல்லா எழுதியிருக்கே பொண்ணே. பொருளுரைதான் கொஞ்சம் நீளம்" என்றார்.

நான் உரையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தேன். "தோன் இலாரியோ, இது இரகசியம். உங்களுக்கு இப்போ தெரிஞ்சுபோச்சு" என்றேன்.

"இப்பவா? நான் இந்தத் தெருவுல முடி வெட்டுறவன். அந்தக் கூந்தல் ஒரு நாளாவது என் கடைக்கு வந்திருக்கா? சுவத்துல மாட்டின படத்துக்குத்தான் முடி வளராது. ரொட்டிக்காரனுக்குத் தெரியும். கேஸ் போடுற பையனுக்குத் தெரியும். மாடியில துணி காயவைக்கிற அத்தனை பொம்பளைங்களுக்கும் தெரியும். மழை வந்தா அவங்கதான் ஓடிப்போய் அதை எடுத்து உள்ள வைக்குறாங்க!"

பெரியம்மா, இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. தெரு முழுவதும் தெரிந்துவைத்துக்கொண்டு, யாரும் ஒரு வார்த்தை சொல்லாமல், மழைக்கு நனையாமல் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். வகுப்பில் முதல் மதிப்பெண் வாங்குகிற நான் ஒருத்திதான் சொல்லியிருக்கிறேன்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து கடையை மூடிவிட்டு முதல் பேருந்தில் கிளம்பி வர வேண்டும். மாமா தங்கள் சொல்லுக்கு மட்டும்தான் பயப்படுவார். வரும்போது புதிதாக, முன்னைவிட அடர்த்தியாக 'ஒன்று' கொண்டுவாருங்கள். கழலவே கழலாதது கிடைத்தால் மேலும் நல்லது. போக மாட்டேன் என்கிறாரே தவிர, சிவப்பு மேலங்கியை இஸ்திரி போட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார், நான் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்காலி காலியாக இருந்தால், அது என்னால்தான்.

தங்கள் முழங்கால் குணமாகவும், கடையில் கூட்டம் குறையாமல் இருக்கவும் வேண்டி, அம்மாவின் முத்தங்களையும் மாமாவின் மௌனத்தையும் சேர்த்து அனுப்பும்,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
சித்லாலி

பி.கு. திங்கட்கிழமை காலை. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். கடிதத்தைப் பூகோளப் புத்தகத்துக்குள் வைத்து மறந்துவிட்டேன், தபாலில் போடவில்லை. சனிக்கிழமை தோன் இலாரியோ முடிவெட்டும் மெஷினைக் கையில் பிடித்தபடி மேலே வந்தார். மாமாவிடம், "சிங்கம், எரிமலையால முடியலை, இந்தப் பொண்ணு எடுத்துட்டா. தோத்தது அவமானமில்லை. தோத்துட்டுப் பந்தயத்தைக் கட்டாம வீட்டுக்குள்ள ஒளியறதுதான் அவமானம். எந்த மல்யுத்தக்காரன் அப்படிச் செஞ்சான்?" என்றார். மாமா எழுந்தார். பிறகு மேலங்கியை எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை சந்தையில் கையெழுத்து மேசைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, கூட்டம் பார்க்க 'அதை' அவரே கழற்றினார். காதோரம் மிச்சமிருந்ததைத் தோன் இலாரியோ முறைப்படி மழித்தார். பச்சை எரிமலையும் வந்திருந்தார். ரொட்டி வாங்கவே முகமூடியோடு போகிறவர், அவர்தான் என் கையைத் தூக்கி ஜெயித்தது நான் என்று அறிவித்தார். முகமூடிக்குள் மூக்கைச் சிந்துவது எவ்வளவு கஷ்டம் என்று அப்போதுதான் கவனித்தேன். பொம்மைகள் எல்லாம் விற்றுப்போயின. எல்லோரும் கூந்தலைக் கழற்றி, மண்டையில்தான் கையெழுத்துக் கேட்டார்கள். மச்சத்தைச் சுற்றிப் போட்டுக் கொடுத்தார். ஆகவே தாங்கள் புதிதாக எதுவும் கொண்டுவர வேண்டாம், சும்மா வாருங்கள். தாங்கள் அனுப்பியதெல்லாம் ஆரம்பத்திலிருந்தே அரித்துக்கொண்டுதான் இருந்ததாம். இதைத் தங்களுக்கு எழுதவே கூடாது என்று மாமா சொல்லியிருக்கிறார். வெட்டிய முடி ஜெயித்தவருக்கு என்பதால் 'அது' இப்போது என் மேசைமேல் இருக்கிறது, பூனை அதில்தான் தூங்குகிறது. இன்று காலைச் சாப்பாட்டில் மாமா அம்மாவைப் பார்க்கவில்லை. என்னையே நேராகப் பார்த்து, "ஏய் சாம்பியன், உப்பை இந்தப் பக்கம் தள்ளு" என்றார்.