லைல் எறிந்த பந்து

ஒமாஹா,
ஜூன் மாதம், புதன்கிழமை காலை.

அன்புத் தங்கை வெர்னாவுக்கு,

நான் பிடித்த பந்தை உன் புருஷன் லைல் என்னிடமிருந்து பிடுங்கி, இருபதாயிரம் பேர் பார்க்க மைதானத்துக்குள் எறிந்துவிட்டான். இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதெல்லாம்.

குசலம் விசாரிக்காமல் சண்டைக்குப் போகக் கூடாது என்று உன் அண்ணி ஜோலீன் என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறாள். ஆகவே விசாரிக்கிறேன். கிராண்ட் ஐலண்ட் பக்கம் ஆலங்கட்டி மழை என்று வானொலியில் சொன்னார்கள். உன் சோளம் தப்பியதா? உன் இடுப்பு எப்படி இருக்கிறது? நல்லது. இங்கே நாங்கள் நலமில்லை. ஜோலீன் தான் நலம் என்று எழுதச் சொல்கிறாள். நான் நலமில்லை.

வெர்னா, நான் கல்லூரிப் படியை மிதித்தவன் இல்லை. பத்தாவதோடு இறைச்சித் தொழிற்சாலைக்குப் போய்விட்டேன். ஆனால் கல்லூரிப் பேஸ்பாலில் எனக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. மாதாகோவில் பழைய சாமான் விற்பனையில் வாங்கிய விதிப்புத்தகத்தை நானே உட்கார்ந்து படித்து, நானே திருத்தியும் வைத்திருக்கிறேன். நாட்டின் எட்டு நல்ல அணிகள் ஒவ்வொரு ஜூனிலும் நம் ஊருக்குத்தான் வந்து சாம்பியன் யார் என்று தீர்த்துக்கொள்கின்றன. ஒவ்வொரு ஜூனிலும் நான் மைதான மதிலுக்குப் பின்னால் இருக்கும் பெஞ்சில், வெயிலில், பந்து பிடிக்கும் தோல் கையுறையை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கலியாணத்துக்கு முன்பிருந்தே உட்கார்ந்திருக்கிறேன். மதில் தாண்டி வரும் ஹோம் ரன் பந்து ஒன்றே ஒன்று எனக்கு வேண்டும். வந்ததில்லை. இடது பக்கம் விழுந்திருக்கிறது, வலது பக்கம் விழுந்திருக்கிறது, ஒரு தடவை என் பீருக்குள்ளேயே விழுந்தது. முன்வரிசைக்காரன் அதை எடுத்துக்கொண்டு எனக்குப் பீர் மட்டும் வாங்கிக் கொடுத்தான். இந்த வசந்தத்தில் முழங்கால் மருத்துவர் சொல்லிவிட்டார், அடுத்த ஜூனிலிருந்து அந்த உயரப் படிகள் கூடாதாம், கீழே நிழலில் முதுகு சாயும் இருக்கையில் உட்கார வேண்டுமாம். நிழல் இருக்கைக்கு எந்த ஹோம் ரன் வந்திருக்கிறது? ஆக, இந்த வருஷம்தான் எனக்குக் கடைசி. இது லைலுக்கும் தெரியும். தெரிந்தே செய்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். உன் புருஷன் சனிக்கிழமை வந்து இறங்கினான், வழக்கம்போல என் நிலவறையில் படுத்தான், வழக்கம்போல மேல்தளம் அதிரக் குறட்டை விட்டான். அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை, குறித்து மட்டும் வைக்கிறேன். திங்கட்கிழமை காலை எங்கள் நாய் பீட்டியின் பந்தைக் காணோம். பல வருஷமாக அது கடித்துச் சப்பி, தையல் பிரிந்து, வேகவைத்த உருளைக்கிழங்கு மாதிரி ஆகிப்போன பழைய பேஸ்பால். அது இல்லாமல் பீட்டி சாப்பிடாது. சோபாவை நகர்த்தினோம், குளிர்சாதனப் பெட்டியை நகர்த்தினோம், பக்கத்து வீட்டுக்காரனை விசாரித்து அவனோடு பேச்சும் நின்றுபோனது. எல்லாரையும்விட அக்கறையாக, முழங்காலில் தவழ்ந்து தேடியவன் லைல்தான். இதனால் நாங்கள் கிளம்புவது தாமதமாகி, வரிசையில் பின்னால் நின்று, வாசல் திறந்ததும் இந்த முழங்காலோடு நான் ஓட வேண்டியதாயிற்று. உன் புருஷன் ஓடவும் இல்லை. அவனுடைய காற்சட்டையின் வலது பை கழலை மாதிரிப் புடைத்திருந்தது, அதைக் கையால் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து வந்தான்.

"பைக்குள்ள என்ன மாப்பிள்ளை?"

"தேவைப்படும் மச்சான்."

இறைச்சியும் முட்டைக்கோசும் அடைத்த ருன்சா ரொட்டியைத் திருட்டுத்தனமாகக் கொண்டுவந்திருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டம் ஹார்லன் க்ரீக்குக்கும் பெல்ரோஸுக்கும். ஹார்லன் க்ரீக் கோதுமைக் காட்டுக்கு நடுவில் இருக்கும் சின்னக் கல்லூரி, ஆரஞ்சுத் தொப்பி. பெல்ரோஸ் லூசியானாவிலிருந்து வந்த பெரிய கல்லூரி, பச்சைச் சட்டை. அவர்களுடைய ஆட்கள் வண்டி வண்டியாக வந்து, வண்டி நிறுத்துமிடத்தில் அண்டா வைத்து ஆற்று இறால் அவிக்கிறவர்கள். வருகிறவர்களில் நோஞ்சானைத் தத்தெடுப்பது நம் ஊர் வழக்கம். ஆகவே எங்கள் பெஞ்சு முழுக்க ஆரஞ்சு. அந்தப் பெஞ்சுக்கு என்று ஒரு சட்டமும் உண்டு: எதிராளி அடித்த ஹோம் ரன் பந்தை யார் பிடித்தாலும் மைதானத்துக்கே திருப்பி எறிந்துவிட வேண்டும், உங்கள் ஹோம் ரன் எங்களுக்குக் குப்பை என்று காட்டுவதற்காக. அதை அங்கே நிலைநாட்டியது யார் என்று உனக்குத் தெரியும்.

இரண்டாவது இன்னிங்ஸிலேயே பெல்ரோஸ்காரன் ஒருவன் மதிலைத் தாண்டி அடித்தான். பந்தைப் பிடித்தது எங்களுக்கு நடுவில் தவறி வந்து உட்கார்ந்திருந்த ஒரு பச்சைச் சட்டைக்காரன், ஃபான்டெனோ என்று பெயர், மாடு மாதிரி ஆள். நான் எழுந்து நின்றேன்.

"யோவ் பச்சைச் சட்டை, பந்தத் திருப்பி எறிய்யா!"

"எங்க ஊர்ப் பையன் அடிச்சது பெரியவரே, நான் எதுக்கு எறியணும்?"

"இது ஆரஞ்சுப் பெஞ்சு. இங்க உக்காந்தா இங்கத்திய சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"நான் போட்டது!"

பெஞ்சு முழுக்க "எறி! எறி!" என்று தரையை மிதித்தது. எங்களுக்குப் பின்வரிசையில் உட்காரும் சிஸ்டர் கொலம்பா, மாதாகோவில் பள்ளியில் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்த அதே குரலில், எல்லாரையும்விட உரக்கக் கத்தினார். அந்த மனிதன் குனிந்து தன் பையைத் துழாவி, நிமிர்ந்து, சிரித்துக்கொண்டே எறிந்தான். பிறகு எனக்கு ஒரு தட்டு இறாலும் கொடுத்தான். சட்டத்துக்குக் கட்டுப்பட்டவன் எவ்வளவு நிம்மதியாக இருக்கிறான் பார் என்று நான் லைலிடம் சொன்னேன். லைல் தன் காற்சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

இப்போது ஏழாவது இன்னிங்ஸ். ஆட்டம் சமநிலை. பெல்ரோஸின் கட்டையன் ஒருவன் அடித்தான். உலோக மட்டையில் 'டிங்' என்று பட்ட சத்தத்திலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. வெர்னா, நான் நகரவில்லை. நகரத் தேவையே இருக்கவில்லை. பந்து என்னை விலாசம் கேட்டுக்கொண்டு வந்த மாதிரி வந்து, என் கையுறைக்குள் 'பொத்' என்று உட்கார்ந்தது. இத்தனை வருஷம் இந்த உள்ளங்கை காத்திருந்தது அந்த எரிச்சலுக்குத்தான். உட்கார்ந்து, கையுறையை மூடி, இரண்டு கையாலும் மார்போடு அணைத்துக்கொண்டேன்.

பிறகுதான் அந்தச் சத்தம் காதில் விழுந்தது. "எறி! எறி! எறி!" சுற்றிப் பார்த்தேன். என்னைத்தான்.

"ஆர்வில், எறிஞ்சிரு" என்றார் சிஸ்டர் கொலம்பா.

"சிஸ்டர், இது கையுறையில புடிச்சது. அந்தச் சட்டம் வெறுங்கையில புடிக்கறவங்களுக்குத்தான்."

"எப்பலேர்ந்து?"

"ஆரம்பத்துலேர்ந்தே அப்படித்தான் சிஸ்டர். யாரும் கேக்கல, நான் சொல்லல."

"ஆர்வில் ஜெலினெக், நீ ஞானஸ்நானம் வாங்கினவன்!"

"பெரியவரே, இது ஆரஞ்சுப் பெஞ்சு!" என்று ஃபான்டெனோ வாய் நிறைய இறாலோடு கத்தினான்.

நான் சொன்னதில் தவறு இல்லை. சட்டம் போட்டவனுக்குத்தான் அதன் விதிவிலக்குகள் தெரியும். அறுபதைத் தாண்டியவர்களுக்கு அது பொருந்தாது, ஏழாவது இன்னிங்ஸுக்குப் பொருந்தாது, உட்கார்ந்தபடி பிடித்ததற்குப் பொருந்தாது. இதையெல்லாம் நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே முன்வரிசையில் ஒருவன் என் தொப்பியைக் கழற்றிவிட்டான். யாரோ சோளப்பொரியை வீசினார்கள். என் பெஞ்சு, வெர்னா. நான் வளர்த்த பெஞ்சு.

அப்போதுதான் உன் புருஷன் எழுந்தான்.

"குடுங்க மச்சான், நான் பாத்துக்கறேன்."

"தொடாதே மாப்பிள்ளை."

"என்னை நம்புங்க மச்சான்."

நம்பச் சொன்னவன் என் கையுறையைப் பந்தோடு சேர்த்து உருவிக்கொண்டு, எனக்கு முதுகைக் காட்டி, மாட்டைக் கறக்கிறவன் மாதிரிக் குனிந்து ஏதோ செய்துவிட்டு, நிமிர்ந்து, கையைச் சுழற்றி எறிந்தான். பந்து வளைந்து நெளிந்து போய்ப் புல்லில் விழுந்து, உருளக்கூட இல்லை. ஹார்லன் க்ரீக் பையன் ஒருவன் அதை எடுத்தான், ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தான், அருவருப்போடு கையைக் காற்சட்டையில் துடைத்துக்கொண்டு வெளியே வீசினான். அந்தப் பையனுக்கே பொறுக்கவில்லை அந்த அநியாயம். பெஞ்சு முழுக்க எழுந்து லைலுக்குக் கைதட்டியது. சிஸ்டர் கொலம்பா அவன் தலையில் கைவைத்து ஆசீர்வதித்தார்.

இத்தோடு முடிந்ததா? மைதானத்துக்குள் பொருளை எறிந்தால் வெளியேற்றுவார்கள். அது அவர்கள் விதி. மஞ்சள் சட்டை போட்ட ஒரு காவல் பெண் படியேறி வந்து யார் எறிந்தது என்று கேட்டாள். வெறுங்கையை நீட்டியபடி நின்றவன் நான் ஒருவன்தான். எல்லாரும் என்னைக் காட்டினார்கள்.

"நான்தாம்மா எறிஞ்சேன்" என்றான் லைல்.

"பெரியவரைக் காப்பாத்தப் பாக்காதீங்க சார். ரெண்டு பேரும் கிளம்புங்க."

அந்தப் படிகளில் நான் கடைசியாக இறங்கியது இப்படித்தான். இடது கையில் லைல், வலது கையில் காவல், பின்னால் தொலைக்காட்சிக் கேமரா. வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்து சேர்ந்தபோது உள்ளே ஒரு பேரிரைச்சல் எழுந்தது. ஹார்லன் க்ரீக் ஒன்பதாவது இன்னிங்ஸில் ஜெயித்துவிட்டது. நான் தத்தெடுத்த பிள்ளை ஜெயித்ததை நான் ஒரு இறால் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்று காதால் கேட்டேன்.

லைல் என் கையுறையை மடக்கி, தன் காலணிக் கயிற்றைக் கழற்றி அதைச் சுற்றி இறுக்கிக் கட்டி வைத்திருந்தான். காரில் போகும்போது சொல்கிறான்: "வீட்டுக்குப் போனதும் கையுறைக்கு எண்ணெய் போடுங்க மச்சான்." என்ன திமிர் பார். என் கையுறை விறைத்துப்போய்விட்டதாம்! வாசலில் இறங்கும்போதும் அதையே சொன்னான். செவ்வாய்க்கிழமை ஊருக்குக் கிளம்பும்போது ஜோலீனிடமும் சொல்லிவிட்டுப் போனான்: "மச்சானை எண்ணெய் போடச் சொல்லுங்க." கையுறையை அப்படியே கொட்டகையில் ஆணியில் மாட்டிவிட்டேன். அதை நான் தொடப்போவதில்லை.

ஆகவே இனி நடக்க வேண்டியது. லைல் தன் கைப்பட மன்னிப்பு எழுதி, மாதாகோவில் செய்தித்தாளில் போட வேண்டும். ஜூலை நாலாம் தேதி விருந்துக்கு நீ வரலாம், அவன் வரக் கூடாது. அவன் வறுக்கும் கோழியை மட்டும் கொடுத்தனுப்பு. அடுத்த ஜூனில் அவன் தங்க வேறு நிலவறை பார்த்துக்கொள்ள வேண்டும். நீ ஒரு வாரம் அவனுக்குச் சூடாகச் சமைக்கக் கூடாது.

உன் வயலுக்கு மழையும் உன் இடுப்புக்குச் சுகமும் ஆண்டவர் தரட்டும். பிள்ளைகளுக்கு என் அன்பு. லைலுக்கு ஒன்றும் இல்லை.

உன் அண்ணன்,
ஆர்வில் ஜெலினெக்

பின்குறிப்பு: புதன்கிழமை சாயங்காலம். என் கையுறை விறைக்கவில்லை என்று நிரூபிப்பதற்காகவே கொட்டகைக்குப் போய், கயிற்றை அறுத்து, எண்ணெய் போடத் திறந்தேன். உள்ளே பந்து இருக்கிறது. போட்டியின் முத்திரை பதித்தது, மட்டையின் நீல வண்ணம் ஒரு பக்கம் ஒட்டியது. என் பந்து. கொஞ்ச நேரம் கொட்டகையிலேயே உட்கார்ந்திருந்தேன். ஜோலீன் வந்து "என்னங்க, கண்ணுல என்ன?" என்றாள். எண்ணெய் என்றேன்.

பீட்டியின் பந்து எங்கே போனது என்றும் இப்போது தெரிகிறது. அந்தப் பையன் ஏன் கையைத் துடைத்தான் என்பதும், அந்த ஃபான்டெனோ ஏன் அப்படிச் சிரித்துக்கொண்டே எறிந்தான் என்பதும்.

மேலே எழுதியதை நான் கிழிக்கப்போவதில்லை, எழுதும்போது எல்லாம் உண்மையாகத்தான் இருந்தது. ஆனால் செய்ய வேண்டியவை மாறுகின்றன. நீ இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட வேண்டும். சிஸ்டர் கொலம்பாவிடம் ஒருவரும் மூச்சு விடக் கூடாது, பெஞ்சின் சட்டம் அப்படியே இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரனிடம் ஜோலீன் போய்ப் பேச வேண்டும். லைல் கோழியோடு வர வேண்டும், நிலவறையில் படுக்க வேண்டும், குறட்டை அவன் இஷ்டம். நன்றி என்று நான் சொன்னதாக நீ அவனிடம் சொல்ல வேண்டாம், அவனுக்குத் தலைக்கனம் ஏறும். சூடாக ஏதாவது சமைத்துப் போடு. பீட்டிக்குப் புதுப் பந்து நான் வாங்கிவிடுகிறேன், அதை அடுத்த ஜூனுக்குள் சப்பிப் பழசாக்க வேண்டியது பீட்டியின் பொறுப்பு. முழங்கால் மருத்துவரை நான் பார்த்துக்கொள்கிறேன். படியில் என்னைத் தூக்கிவிட வேண்டியது லைல்.