மிக்க மகிழ்ச்சி, செய்து தருகிறோம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் மேனேஜர் ஆனார். யாரும் ஆக்கவில்லை. தானாகவே ஆகிக்கொண்டார்.

அதற்கு முன்னால் அவர் பஞ்சு அடைக்கிறவர். அவர் மனைவி கைக்குழந்தைகளுக்குக் குட்டி மெத்தை, குட்டித் தலையணை தைத்து வீட்டிலிருந்தே விற்கிறாள். தையல் அவள் கை, பஞ்சு இவர் கை. அந்தப் பஞ்சு இருக்கிறதே, மெத்தைக்குள் போவதைவிட மனுஷனுக்குள் போவதுதான் அதிகம். இவர் ஒரு தும்மல் போட்டால் பாதித் தலையணை வெளியே வரும். போதாததற்குப் பெண் ஒன்று, பையன் ஒன்று. மத்தியானம் இரண்டும் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீடு சந்தைக்கடை. குளிப்பாட்டு, வீட்டுப்பாடம் சொல்லிக்கொடு, நடுவில் போனில் வருகிறவர்களுக்குப் பதில் சொல்லு. "மெத்தையில் யானை படம் போடுவீங்களா?" "போடுவோம்." "யானைக்குக் கண்ணாடி மாட்டுவீங்களா?" இப்படியே பொழுது போய்விடும்.

அந்தச் சமயத்தில்தான் போனில் வந்த வீடியோவில் டை கட்டின ஒருத்தன் பேசுவதை இவர் கேட்டார். வீட்டில் தொழில் செய்யும் பெற்றோர்களே, நேரத்தை மிச்சம் பிடியுங்கள் என்றான். ஒரு நாள் உட்கார்ந்து மாதத்துக்கான விளம்பரத்தை எழுதிப் போட்டுவிட்டால், அந்தந்த நேரத்துக்கு அது தானாகவே வெளியே போகுமாம். வருகிறவர்களுக்குப் பதிலும் தானாகவே போகுமாம். இவருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பஞ்சு தூசியாகவும் இருக்கலாம்.

"இந்தாம்மா, இங்க வா. இன்னியிலேருந்து விளம்பரம் மொத்தமும் என் பொறுப்பு. நான்தான் மேனேஜர்."

"அப்போ பஞ்சு?"

"மேனேஜர் பஞ்சு அடைப்பானா?"

"பிள்ளைங்க குளியல்?"

"மேனேஜர் முதுகு தேய்ச்சு விடுவானா?"

"சரி, மேனேஜர் சாப்பிடவாவது செய்வாரா? அதைச் சொல்லுங்க, சமைக்கணும்."

"சாப்பிடுவேன். சாப்பிட்டதும் உள்ரூம் கதவைச் சாத்திக்குவேன். பொழுது சாயற வரைக்கும் யாரும் தட்டக்கூடாது. உலகம் பூராவுக்கும் பதில் சொல்லணும். மூளை வேலை."

அவள் ஊசியில் தொங்கின நூலைப் பல்லால் கடித்தாள். "செய்ங்க" என்றாள்.

அவ்வளவுதான் சொன்னாள். அத்தனை சுலபமாக அவள் எதற்கும் தலையாட்டினதில்லை. அப்போதே மனுஷன் சுதாரித்திருக்க வேண்டும். சுதாரித்திருந்தால் எனக்கு இந்தக் கதை கிடைத்திருக்காது.

மறுநாள் ஒரே மூச்சில் மாதத்துக்கான விளம்பரம் மொத்தத்தையும் எழுதி முடித்தார். கடைசியில் பதிலுக்கு வந்தார். யார் எதைக் கேட்டாலும் கோபம் வராதபடி ஒரு பதில் வேண்டும். யோசித்து யோசித்து இப்படி எழுதினார்: "மிக்க மகிழ்ச்சி! உங்கள் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டோம். சொன்னபடி, சொன்ன நேரத்தில் செய்து தருகிறோம். எங்கள் வாக்கு தவறாது."

எழுதிவிட்டுத் தன் முதுகைத் தானே தட்டிக்கொண்டார். கை எட்டின வரைக்கும். காசு கட்டி வாங்குகிற ஆர்டர் மட்டும் தனி வழியில் மனைவியின் போனுக்குப் போய்விடும். மற்றப் பேச்சையெல்லாம் இவர் திறந்து பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. பார்க்கவும் இல்லை.

அப்படியானால் மிச்சமான நேரம் எங்கே போனது? மாடிக்குப் போனது. உள்ரூமுக்குப் பின்கதவு உண்டு. பின்கதவிலிருந்து படிக்கட்டு. படிக்கட்டு முடிகிற இடத்தில், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லிஃப்ட் மெக்கானிக் ஒருவர் செஸ் பலகையை விரித்து வைத்துக்கொண்டு ஆள் கிடைக்காமல் உட்கார்ந்திருந்தார். நம்ம மேனேஜருக்குச் செஸ் என்றால் உயிர். வீட்டில் ஆட வழியில்லை. கல்யாணமான புதிதில் மனைவியோடு ஆடி, ஆடினதிலெல்லாம் தோற்று, பலகையைப் பரணில் தூக்கிப் போட்டவர் அவர்.

"என்ன தம்பி, கீழே வேலை இல்லையா?" என்றார் மெக்கானிக்.

"வேலை தானா நடக்குது சார். நான்தான் இங்க இருக்கேன்."

"ஜாக்கிரதை தம்பி. லிஃப்டு தானா ஏறி இறங்குதேன்னு நான் டீ குடிக்கப் போனேன். அன்னிக்குத்தான் முதலாளி உள்ளே மாட்டினார்."

மேனேஜர் சிரித்தார். சிரித்துக்கொண்டே குதிரையைப் பறிகொடுத்தார். தினமும் தோற்றார். ஆனாலும் பஞ்சில்லாத காற்றில் தோற்பது ஒரு தனி சுகம். மத்தியானத்துக்காகவே காலையில் எழுந்தார் என்று சொன்னாலும் தப்பில்லை.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது ஒரு நாள் தையல் மெஷின் மக்கர் பண்ணியது. ரிப்பேர்க்காரர் வந்து பார்த்து, உதட்டைப் பிதுக்கி, மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். அன்று மத்தியானம் மனைவி சும்மா இருப்பானேன் என்று பஞ்சு பிய்த்துக்கொண்டிருந்தாள். போன் "டிங்" என்றது. அவர்கள் வீட்டு விளம்பரம்தான்.

"இதோ! இந்த நிமிஷம் எங்கள் மெஷினிலிருந்து இறங்கிய மெத்தை! இன்னும் சூடுகூட ஆறவில்லை!"

படத்தில் இருந்தது ஒரு மஞ்சள் மெத்தை. அது எப்போதோ விற்று, வாங்கின வீட்டுக் குழந்தை அதை நனைத்தும் ஆயிற்று.

அவள் மெஷின் இருந்த இடத்தைப் பார்த்தாள். தரையில் அதன் கால் தடம்தான் இருந்தது. சாத்தியிருந்த உள்ரூம் கதவைப் பார்த்தாள். அப்போது தலைக்கு மேலே "டொக்" என்று ஒரு காய் விழுந்தது. கூடவே "அய்யய்யோ, ராணி போச்சே!" என்று ஒரு குரல். பல வருஷம் கூடவே குடித்தனம் பண்ணின குரல்.

வேறொருத்தியாக இருந்தால் கரண்டியோடு மாடி ஏறியிருப்பாள். இவள் பஞ்சைத் தட்டிவிட்டுப் போனை எடுத்தாள். விளம்பரத்தில் இருந்த கடை நம்பருக்கே எழுதினாள்: "வணக்கம். சனிக்கிழமை பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம். நீங்கள் போவீர்களா?"

அனுப்பி விரலை எடுக்கவில்லை. "மிக்க மகிழ்ச்சி! உங்கள் வேண்டுகோளை ஏற்றுக்கொண்டோம்..."

அவள் ஒருமுறை படித்தாள். இன்னொருமுறை படித்தாள். பிறகு சௌகரியமாகச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, அடுத்ததை எழுத ஆரம்பித்தாள்.

வெள்ளிக்கிழமை மாடியில் ஓர் அதிசயம் நடந்தது. முதல்முறையாக மேனேஜரின் கை ஓங்கியது. மெக்கானிக்கின் ராஜா மூலையில் ஒண்டிக்கொண்டு நின்றார். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. "பலகையை அப்படியே வைங்க சார், ஒரு காயையும் தொடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு இறங்கினார். இன்னும் ஒரு மத்தியானம் கிடைத்தால் போதும். ராத்திரி தூக்கத்தில்கூடச் சிரித்தார்.

மறுநாள் காலையில் மனைவி வந்து நின்றாள்.

"என்னங்க, இன்னும் கிளம்பலையா?"

"எங்க?"

"ஸ்கூல் பெற்றோர் கூட்டத்துக்கு. உங்க பிள்ளை பக்கத்துப் பையனைக் கடிச்சு வெச்சதுக்கு டீச்சர் வரச் சொல்லியிருக்காங்களே."

"அதுக்கு எப்பவும் நீதானே போவ?"

"நீங்கதானே போறேன்னு ஒத்துக்கிட்டீங்க? மிக்க மகிழ்ச்சின்னு வேற எழுதியிருக்கீங்க."

போனை நீட்டினாள். அவர் படித்தார். விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. தினமும் மத்தியானம் பிள்ளைகளைக் குளிப்பாட்டி வீட்டுப்பாடம் சொல்லித் தருவீர்களா? மிக்க மகிழ்ச்சி! மூட்டைப் பஞ்சு முழுவதையும் அடைத்துத் தருவீர்களா? மிக்க மகிழ்ச்சி! பாத்திரம்? ஏற்றுக்கொண்டோம். என் அம்மா வந்தால் துணிக்கடைக்குக் கூடவே போய்ப் பொறுமையாக உட்கார்ந்திருப்பீர்களா? எங்கள் வாக்கு தவறாது.

மனுஷன் திருதிருவென்று முழித்தார்.

"இது... இது நான் இல்ல."

"பின்ன யாரு?"

"அது வந்து, தானா..."

"தானாவா? பதில் தானாப் போச்சுன்னா, மத்தியானமெல்லாம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ளே நீங்க என்ன..."

எலிப்பொறி "டப்"பென்று விழுகிற சத்தம் அவருக்கு மட்டும் கேட்டது. தானாகப் போனது என்றால் மாடி வெளியே வரும். தான் போட்டது என்றால் பஞ்சு வாசலில் நிற்கிறது. அவருக்கு மூலையில் நிற்கிற ராஜா ஞாபகம் வந்தார். மாடியைக் காப்பாற்றிக்கொண்டால் போதும், மற்றதை எப்படியாவது சமாளித்துக்கொள்ளலாம்.

"நான்தான்! நான்தான் போட்டேன்! ஒவ்வொண்ணா உக்காந்து நானே எழுதினேன்!"

"அதானே பார்த்தேன்! என்ன வேகம்ங்க உங்களுக்கு! பாவம், விரலெல்லாம் தேஞ்சு போயிருக்கும். போதும், இனிமே விளம்பரத்தை நான் பார்த்துக்கறேன். நீங்க ஒத்துக்கிட்டதை மட்டும் செய்ங்க."

பெண் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, வாக்கு தவறாதுன்னா என்னப்பா?"

அப்பா செருப்பைத் தேடினார்.

திங்கட்கிழமை மத்தியானம். மெஷின் திரும்பி வந்து, காலையிலேயே தையல் முடிந்துவிட்டது. மனைவி உள்ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மூளை வேலையாம். வெளியே அவர் தலையெல்லாம் பஞ்சு. சோப்பு நுரையோடு பிடி கொடுக்காமல் ஓடுகிற பையனை ஒரு கையால் அமுக்கிக்கொண்டு, மறு கையால் மனைவிக்கு எழுதினார்: "ஒரே ஒரு மத்தியானம் லீவு குடும்மா. ஒரு முக்கியமான வேலை பாதியில நிக்குது."

"டிங்."

"மிக்க மகிழ்ச்சி! உங்கள் வேண்டுகோள் வந்து சேர்ந்தது. வரிசைப்படி கவனிக்கப்படும்."

பதில் தானாக வந்திருக்கிறது! பையனை இடுக்கிக்கொண்டு போய் உள்ரூம் கதவைத் தள்ளினார். அறையில் ஆளில்லை. பின்கதவு திறந்து கிடந்தது.

மேலே "டொக்" என்று ஒரு காய் விழுந்தது.

"அடேயப்பா! உன் வீட்டுக்காரர் விட்டுட்டுப் போன ஆட்டத்தை நீ வந்து முடிச்சுட்டியேம்மா!" என்றார் மெக்கானிக். "ஆமா, கீழே உனக்கு வேலை ஒண்ணும் இல்லையா?"

"இருக்கு சார்," என்றாள் மனைவி. "அது தானா நடந்துகிட்டு இருக்கு."